இந்த லிஸ்ட் பொருந்துமா? ரைசன் 5 5500 + பி450 + ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, பழைய எஸ்எம்பிஎஸ்

திரை75:

வணக்கம் நண்பர்களே. முதல் தடவையா பார்ட்ஸ் தனித்தனியா வாங்கி ஒரு கேமிங் பிசி போடலாம்னு இருக்கேன். பட்ஜெட் ரொம்ப டைட். அதனால வீட்ல இருக்கற பழைய பிசியோட கேபினட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 1 டிபி ஹார்ட் டிஸ்க் மூணையும் அப்படியே எடுத்துக்கறதா திட்டம். மானிட்டரும் ஏற்கெனவே இருக்கு. 1080பி, 75 ஹெர்ட்ஸ்.

லிஸ்ட் இதான்:

ப்ராசஸர்: ரைசன் 5 5500
மதர்போர்டு: பி450, மைக்ரோ ஏடிஎக்ஸ்
ராம்: டிடிஆர்4 3200, 16 ஜிபி, ஒரே ஸ்டிக்
கிராபிக்ஸ் கார்டு: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 4 ஜிபி
எஸ்எஸ்டி: 500 ஜிபி என்விஎம்இ, ஜென் 4
எஸ்எம்பிஎஸ்: பழசு, 500 வாட்ஸ்னு போட்டிருக்கு

பார்ட்ஸ் பொருந்துதான்னு செக் பண்ற ஒரு தளத்துல எல்லாத்தையும் போட்டுப் பார்த்தேன். எல்லாத்துக்கும் பச்சை டிக் வந்துடுச்சு. தினமும் வேலரன்ட் ஆடுவேன். சைபர்பங்க் 2077 மீடியம்ல சுமாரா ஓடினா போதும். ஆடறதை ரெக்கார்ட் பண்ணி ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பற பழக்கமும் உண்டு.

ரெண்டு கேள்வி. லிஸ்ட் ஓகேவா? இப்போதைக்குக் காசு பத்தலைன்னா கிராபிக்ஸ் கார்டை மட்டும் கொஞ்ச நாள் கழிச்சு வாங்கிக்கலாமா, அதுவரைக்கும் கார்டு இல்லாம ஓட்ட முடியுமா?

ஜம்பர்_பின்:

தம்பி, பச்சை டிக் பொய் சொல்லலை. 5500-ம் பி450-ம் ஏஎம்4 சாக்கெட்தான் (ப்ராசஸர் உட்கார்ற இடம்), ராம் ஸ்லாட்ல உட்காரும், கார்டும் உட்காரும். அந்த மாதிரி தளங்கள் பார்க்கறது அவ்வளவுதான்: சொருகினா சொருகுமா, வாட் கணக்கு இடிக்குதா. சொருகினப்புறம் ஒண்ணோட ஒண்ணு எந்த வேகத்துல பேசிக்கும்ங்கறது அதோட வேலையில்லை. பட்ஜெட் பிசில காசு போறது அங்கதான்.

உன் லிஸ்ட்ல தனியா எடுத்தா எந்தப் பொருளும் குப்பையில்லை. ஆனா 5500-ம் 6500 எக்ஸ்டியும் சேர்த்து வைக்கவே கூடாத ஜோடி. 6500 எக்ஸ்டி பார்க்க முழு நீள ஸ்லாட்ல உட்காரும், ஆனா உள்ள 4 லேன் (டேட்டா போற தடம்) மட்டும்தான் வேலை செய்யும். பிசிஐஇ (கார்டு, எஸ்எஸ்டி எல்லாம் ப்ராசஸரோட பேசற பாதை) ஜென் 4, அதாவது நாலாம் தலைமுறை கிடைச்சா அந்த 4 லேன்ல நொடிக்கு 8 ஜிபிக்குக் கொஞ்சம் கம்மியா டேட்டா போகும். ஜென் 3-ன்னா அது பாதியாகி 4 ஜிபி. பி450 போர்டு ஜென் 3. சரி, பி550 வாங்கிக்கறேன்னு சொல்லுவே. அங்கயும் தப்ப முடியாது, ஏன்னா 5500 ப்ராசஸரே ஜென் 3 தான். போர்டு பெட்டியில ஜென் 4-ன்னு எவ்வளவு பெருசா அச்சடிச்சிருந்தாலும் கார்டு ஸ்லாட்டுக்கு லேன் வர்றது ப்ராசஸர்லேர்ந்து.

4 ஜிபி மெமரி கார்டுக்கு இது ஏன் உயிர் போற விஷயம்னா, சைபர்பங்க் மாதிரி கேம்ல டெக்ஸ்ச்சர் அந்த 4 ஜிபிக்குள்ள அடங்காது. மிச்சம் சிஸ்டம் ராமுக்கு வழியும். ஒவ்வொரு தடவையும் அந்தக் குறுகலான பாதை வழியாத்தான் வந்து போகணும். அதனால சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) ஓரளவு நல்லா காட்டும், ஆனா தெருவுல திரும்பும்போது நின்னு நின்னு ஓடும்.

இன்னொண்ணு, ரெக்கார்டிங்னு சொன்னியே. 6500 எக்ஸ்டில வீடியோ என்கோடர் (ரெக்கார்ட் பண்ற படத்தைச் சுருக்கற பகுதி) சில்லே கிடையாது. ரெக்கார்டிங் முழுக்க ப்ராசஸர் தலையில விழும், அதே நேரம் கேமையும் அது ஓட்டணும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் உனக்கு அந்தக் கார்டைச் சொல்ல மாட்டேன்.

கார்டு இல்லாம ஓட்டற கேள்விக்குப் பதில்: முடியாது. 5500-ல உள்கட்டமைப்பு கிராபிக்ஸ் இல்லை. போர்டுல எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், கேபிளும் நல்லா சொருகும், திரை மட்டும் கறுப்பாவே இருக்கும். கார்டு இல்லாம ஓடணும்னா 5600ஜி. அதோட வேகா 7 கிராபிக்ஸ்ல வேலரன்ட் தாராளமா ஆடலாம். ஆனா அதுவும் ஜென் 3, எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளயே இருக்கற வேக மெமரி) 16 எம்பி. பின்னாடி நல்ல கார்டு போடப்போறது நிச்சயம்னா, இந்தச் சில வாரத்துக்காக ப்ராசஸரை மட்டமா எடுக்காதே. காத்திருந்து எல்லாத்தையும் ஒண்ணா வாங்கு.

நான் உன் இடத்துல இருந்தா மாத்தற வரிசை இது. முதல்ல கார்டு: ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 8 லேன், என்கோடர் உண்டு. 8 லேன் இருக்கறதால ஜென் 3 போர்டுல போட்டாலும் அடி லேசாத்தான் விழும். அடுத்து, காசு மிச்சமிருந்தா ப்ராசஸர்: 5500-க்குப் பதில் 5600. பேர்ல நூறுதான் வித்தியாசம், உள்ள வேற சில்லு. எல்3 கேஷ் 16-க்குப் பதில் 32 எம்பி, வேலரன்ட் மாதிரி கேமுக்கு அது நல்லாத் தெரியும். போர்டு பி450-யே இருக்கட்டும். 65 வாட் ப்ராசஸருக்கு அது போதும், மிச்சம் பிடிக்கறதுன்னா அங்க பிடி.

ராம் ஒரே ஸ்டிக் வேண்டாம், 8 ஜிபி ரெண்டு எடு. ஒரு ஸ்டிக்குன்னா ஒரு சேனல், 3200-ல நொடிக்கு 25.6 ஜிபி. ரெண்டுன்னா 51.2. வேற எந்தப் பார்ட்லயும் இவ்வளவு சுலபமா வேகம் இரட்டிப்பாகாது. அப்புறம் ஒண்ணு வாங்கி சேர்த்துக்கலாம்னு நினைப்பே. சேர்க்கலாம், ஆனா ஒரே மாடல் நம்பர்லகூட உள்ள சில்லு மாறி வரும். ஜோடியா வித்ததே ஜோடி.

எஸ்எஸ்டி ஜென் 4 வாங்கினாலும் உன் போர்டுல ஜென் 3 வேகத்துல ஓடும். கெட்டுப்போகாது. ஜென் 3 மலிவா கிடைச்சா அதை எடு, விலை ஒண்ணுன்னா ஜென் 4 எடுத்து வை. இதைப் பத்தி மண்டையை உடைச்சுக்காதே.

எஸ்எம்பிஎஸ்தான் எனக்குப் பயம். கேபினட் மூடியைக் கழட்டி எஸ்எம்பிஎஸ்ஸோட பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படிச்சுச் சொல்லு. 500 வாட்ங்கற எழுத்து வேண்டாம். +12வி பக்கத்துல எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்குன்னு பாரு. கேபினட்ல பின்பக்க பிராக்கெட்லேர்ந்து முன்னாடி ஹார்ட் டிஸ்க் கூண்டு வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னும் அளந்துடு.

நடுக்கோடு:

நண்பரே, ஏஎம்4 முடிந்துபோன தளம். இன்று புதிதாகப் போடுபவர் ஏன் அதில் காசைக் கொட்ட வேண்டும்? அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. கொஞ்சம் கூடப்போட்டு ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம் என்று போய்விடுங்கள். பின்னால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அது முடியாதென்றால் இன்டெல் பக்கம் ஐ3-12100எஃப். நான்கு கோர்தான், ஆனால் ஹெச்610 போர்டிலேயே கார்டுக்கு ஜென் 4 கிடைத்துவிடும். உங்கள் 6500 எக்ஸ்டியை மாற்றவே தேவையிருக்காது.

ஜம்பர்_பின்:

12100எஃப் நல்ல யோசனை, ஒத்துக்கறேன். ஆனா ஜென் 4 கிடைச்சாலும் 6500 எக்ஸ்டிக்கு 4 ஜிபியும் என்கோடர் இல்லாமையும் அப்படியேதானே இருக்கும்? எஃப்-ன்னு முடியற இன்டெல்லயும் உள் கிராபிக்ஸ் கிடையாது, அதுல இருக்கற வீடியோ என்கோடரும் சேர்ந்து போயிடும். ரெக்கார்டிங் மறுபடி ப்ராசஸர் மேல, அதுவும் நாலே கோர். இவருக்குக் கார்டை மாத்தாம எந்தப் பக்கம் போனாலும் விடியாது. இன்டெல்ல போறவங்க ஒண்ணு கவனிக்கணும்: 12100எஃப் உட்கார்ற எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒரே பேர்ல ரெண்டும் வரும், கடைசி ஒரு எழுத்து, ஒரு எண்தான் வேற. ராமோட வெட்டு இடம் மாறியிருக்கும், தப்பா வாங்கினா அழுத்தி உட்கார வைக்கக்கூட முடியாது. பழைய கூலரை அதுல மாட்டலாம்னும் நினைக்காதீங்க. முந்தின இன்டெல் போர்டுல திருகு ஓட்டைக்கு நடுவே 75 மி.மீ., இதுல 78.

ஏஎம்5 விஷயத்துல நான் ஒத்துப்போகலை. "பின்னால் மாற்றிக்கொள்ளலாம்"னு எதிர்காலத்துக்குக் கொடுக்கற காசு, இப்போ கிராபிக்ஸ் கார்டுலேர்ந்துதான் எடுக்கப்படும். ஏஎம்5 டிடிஆர்5 மட்டும்தான் ஏத்துக்கும், அதனால போர்டு, ராம் ரெண்டும் ஒரே நேரத்துல ஏறுது. பட்ஜெட் பெருசா இருந்தா நானும் அதைத்தான் சொல்லுவேன். இவர்கிட்ட இருக்கறது பழைய கேபினட்டும் 75 ஹெர்ட்ஸ் மானிட்டரும். நொடிக்கு 75 படத்துக்கு மேல அந்தத் திரை காட்டவே காட்டாது, 5600 எட்டாத உயரம் இல்லை அது.

திரை75:

அண்ணா, ரொம்ப நன்றி. 6600-னே முடிவு பண்ணிட்டேன், இன்னும் கொஞ்சம் சேர்த்துட்டு எல்லாத்தையும் ஒண்ணா வாங்கறேன்.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல இருக்கறதை அப்படியே எழுதறேன்: +12வி 22ஏ, +5வி 30ஏ, +3.3வி 28ஏ. கம்பெனி பேர் நான் கேள்விப்பட்டதே இல்லை. 80 ப்ளஸ் லோகோ எதுவும் இல்லை. ப்ராசஸருக்குப் போற கனெக்டர் 4 பின். கார்டுக்குன்னு தனியா எதுவும் தொங்கலை. ஆனா ஹார்ட் டிஸ்க்குக்குப் போற சாட்டா பவர் கனெக்டர் ரெண்டைச் சேர்த்து 8 பின்னா மாத்தற ஒரு கேபிள் ஆன்லைன்ல பார்த்தேன்.

நானே ஒரு கணக்குப் போட்டேன். 12 × 22 = 264 வாட். 6600-க்கு 132-ன்னு போட்டிருக்கு, ப்ராசஸருக்கு 65. மொத்தம் 197. அப்போ போதும்தானே?

கேபினட்ல அளந்தேன், 26 செ.மீ. வருது.

ஜம்பர்_பின்:

போதாது. அந்தச் சாட்டா கேபிளை வாங்கவே வாங்காதே, மத்ததை அப்புறம் பேசலாம். ஒரு சாட்டா பவர் கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர். ஆக 4.5 ஆம்பியர், 54 வாட். ரெண்டைச் சேர்த்தாலும் 108. அந்த 8 பின் முனையில கார்டு 150 வரைக்கும் கேட்க உரிமை இருக்கு. பெரும்பாலும் அந்த ரெண்டு கனெக்டரும் ஒரே வயர்லேர்ந்து பிரிஞ்சு வர்றதுதான், சுமை முழுக்க அந்த ஒத்தை வயர்ல. பிளாஸ்டிக் உருகி வயர் தெரியற படமெல்லாம் இந்தக் கேபிளோடதுதான்.

இப்போ உன் ஸ்டிக்கர். அந்த 500 எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாரு. 12 வோல்ட்ல 264. 5 வோல்ட்ல 5 × 30 = 150. 3.3 வோல்ட்ல 3.3 × 28 = 92. கூட்டினா 506. எல்லாத்தையும் ஒண்ணா அள்ளிப்போட்டு 500-ன்னு எழுதிட்டாங்க. இந்தக் காலத்து பிசில ப்ராசஸர், கார்டு ரெண்டுமே 12 வோல்ட்லேர்ந்துதான் உறிஞ்சும். 5-ம் 3.3-ம் எஸ்எஸ்டி, யூஎஸ்பின்னு சில்லறைச் செலவு. அந்த 150-ஐயும் 92-ஐயும் வெச்சு நீ ஒண்ணும் பண்ண முடியாது. உனக்கு உபயோகமானது 264, அதுவும் புதுசா இருந்தப்போ, ஸ்டிக்கர் நிஜம் சொல்லியிருந்தா.

உன் கணக்குல ரெண்டு திருத்தம். 65ங்கறது வெப்பக் கணக்கு. 5600 முழு வேகத்துல 76 வாட் வரைக்கும் இழுக்க ஏஎம்டியே அனுமதிக்குது. ஃபேன், ஹார்ட் டிஸ்க், போர்டுன்னு இன்னொரு 30, 40 சேர்த்துக்கோ. மொத்தமே 240 பக்கம் வந்துடுது. அதுக்கு மேல கார்டு ஒரு கண நேரத்துக்குச் சட்டுனு தாவும், அந்த நேரத்துல எஸ்எம்பிஎஸ் கையை விரிச்சா கேம் நடுவுல பிசி அப்படியே அணையும். 6600-க்கு ஏஎம்டி சொல்றது 450 வாட் எஸ்எம்பிஎஸ். நீ 500, 550 பக்கம் எடு. ஸ்டிக்கர்ல 12 வோல்ட் மட்டுமே 450-க்கு மேல வரணும், அதாவது 38 ஆம்பியருக்குக் குறையக்கூடாது. 80 ப்ளஸ் பார்த்து மயங்காதே, அது எவ்வளவு மின்சாரம் வீணாகாம போகுதுங்கறதுக்கான சான்று, உள்ள போட்ட கண்டென்சரோட தரத்துக்கு இல்லை. வாரன்டி எத்தனை வருஷம்னு பாரு, அதுல அந்தக் கம்பெனிக்கே அதுமேல எவ்வளவு நம்பிக்கைன்னு தெரிஞ்சுடும்.

புது எஸ்எம்பிஎஸ்ல 8 பின் ரெண்டு வகை வரும். 4+4-ஆ பிரியறது ப்ராசஸருக்கு, 6+2-ஆ பிரியறது கார்டுக்கு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா பாசிட்டிவ், நெகட்டிவ் தலைகீழ். வடிவத்துல சின்ன மாற்றம் வெச்சிருக்காங்க, அதனால உள்ள போகலைன்னா பலம் காட்டாதே. வயர் கழட்டற மாடுலர் வகைன்னா, வேற எஸ்எம்பிஎஸ்ஸோட வயரை அதுல சொருகவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி எதுவும் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும்.

26 செ.மீ.-ன்னா ரெண்டு ஃபேன் 6600 எடு. பெரும்பாலும் 20-லேர்ந்து 24-க்குள்ள முடிஞ்சுடும். மூணு ஃபேன் மாடல் 28 தொடும், உன் கூண்டுல இடிக்கும். கேபினட் முன்பக்கம் காத்து உள்ள வர வழியிருக்கான்னு பாரு; இல்லைன்னா பின்னாடி வெளியே தள்ளற ஒரு 120 மி.மீ. ஃபேனாவது மாட்டு.

வயர்கட்டு:

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். 6600-க்குக் காசு எட்டலைன்னா பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி பார்க்கலாம். 2017-ல வந்தது, 16 லேன், என்கோடர் உண்டு. ஆனா 185 வாட் குடிக்கும், ட்ரைவர் அப்டேட்டும் புதுக் கார்டு மாதிரி வராது. முக்கியமா அதே பேர்ல ரெண்டு கார்டு சுத்துது. ஒண்ணுல 2304 ஷேடர் (படம் வரையற குட்டி கோர்), இன்னொண்ணுல 2048. பெட்டியைப் பார்த்தா தெரியாது. ஜிபியு-இசட் சாஃப்ட்வேர் போட்டு ஷேடர் எண்ணிக்கையைப் பார்த்துட்டுத்தான் காசை நீட்டணும்.

திரை75:

நன்றிண்ணா, ஆனா எஸ்எம்பிஎஸ் புதுசு வாங்கறதுன்னு ஆனப்புறம் பழைய கார்டு ரிஸ்க் வேண்டாம்னு தோணுது. கடைசியா இதான் லிஸ்ட்: 5600, பி450, 8 ஜிபி ரெண்டு, 6600 ரெண்டு ஃபேன், ஜென் 3 எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ். வேற ஏதாவது விட்டுட்டேனா? விண்டோஸ் பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்கு, அப்படியே மாட்டினா ஓடுமா?

ஜம்பர்_பின்:

ஒண்ணு விட்டுட்டே, பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கற, பிசியை எழுப்பற சாஃப்ட்வேர்). பி450 வந்தது 2018-ல, 5600 வந்தது 2022-ல. கடையில ரொம்ப நாள் தூங்கின போர்டா இருந்தா அதுக்கு 5600-னா யாருன்னே தெரியாது. ஃபேன் சுத்தும், திரை வராது. போர்டு கம்பெனி தளத்துல அந்த மாடலோட ப்ராசஸர் பட்டியல் இருக்கும், 5600-க்கு நேரா எந்த பயாஸ் பதிப்புன்னு போட்டிருக்கும். 5600எக்ஸ் வரியைப் பார்த்துட்டு வந்துடாதே, ரெண்டுக்கும் பதிப்பு ஒண்ணா இருக்கணும்னு இல்லை. ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவ்ல அப்டேட் பண்ற ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கற போர்டு கிடைச்சா கண்ணை மூடிட்டு எடு. இல்லைன்னா விக்கறவங்ககிட்டயே அப்டேட் பண்ணித் தரச் சொல்லு.

பழைய விண்டோஸை அப்படியே ஓட்டாதே. எஸ்எஸ்டில புதுசா விண்டோஸ் 11 போடு, ஹார்ட் டிஸ்க்கை ஃபைல் வைக்க மட்டும் வெச்சுக்கோ. விண்டோஸ் 11-ல வேலரன்டுக்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு அமைப்பு ரெண்டும் ஆன்ல இருந்தாத்தான் உள்ள விடும். பயாஸ்ல எஃப்டிபிஎம்னு இருக்கறதை ஆன் பண்ணு, சிஎஸ்எம்னு இருக்கற பழைய பூட் முறையை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் இன்ஸ்டால் பண்ணு. முதல்ல இன்ஸ்டால் பண்ணிட்டு அப்புறம் மாத்தினா பூட் ஆகாம முழிக்கும். இன்ஸ்டால் பண்ணும்போது ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழட்டி வெச்சிடு, பூட் ஃபைல் தவறிப்போய் அதுல உட்காராது.

போர்டுல நாலு ராம் ஸ்லாட்னா ப்ராசஸர் பக்கத்துலேர்ந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடு. மானிட்டர் கேபிள் போர்டுல இல்லை, கார்டுல. விண்டோஸ் வந்ததும் டிஸ்ப்ளே செட்டிங்ல போய் 75 ஹெர்ட்ஸ்னு மாத்து, அது தானா 60-லயே நிக்கும்.

ராம் 3200-ன்னு பெட்டியில போட்டிருந்தாலும் பெரும்பாலும் முதல்ல 2133, 2400, 2666-ன்னு ஏதாவது ஒண்ணுலதான் எழும்பும். அப்படின்னா பயாஸ்ல எக்ஸ்எம்பியை (பெட்டியில போட்ட வேகத்துக்கு ராமை ஏத்தற அமைப்பு) நீதான் ஆன் பண்ணணும், சில போர்டுல டிஓசிபின்னு எழுதியிருக்கும். ஆன் பண்ணி சேவ் பண்ணினதும் பிசி தானா அணைஞ்சு அணைஞ்சு எழும்பலாம், திரை கொஞ்ச நேரம் கறுப்பா இருக்கும். ராமோட நேரக் கணக்கைச் சரிபார்த்துட்டு இருக்கு, அவ்வளவுதான். நடுவுல பவர் பட்டனை அமுக்காதே.